மதகுக்குப் போனவர்

"அன்னைக்கு மட்டும் இந்தத் தங்கச்சி போன் பண்ணலேன்னா நாலு பொணம் விழுந்திருக்கும்" என்று ஓய்ஷரீஃப் அதிகாரிகளிடம் சொன்னபோது, சைராகுல் கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தின்னவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஓய்ஷரீஃப் தஜிக் பக்கத்து நர்ஸ். சைராகுல் கிர்கிஸ் பக்கத்துப் பள்ளி ஆசிரியை. இரண்டு ஊருக்கும் ஒரே வாய்க்கால், ஒரே மதகு. எல்லைக் காவல் அதிகாரிகள் கூடிப் பேசும் மேசையருகே இந்த வருஷம்தான் பெண்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பெண்கள் கேட்டது ஒன்றுதான். தண்ணீர்த் தகராறு கிளம்பினால் இரு ஊர்ப் பெண்களும் தரும் தகவலை அரசு எச்சரிக்கையாக ஏற்று, உடனே ஆள் அனுப்ப வேண்டும்.

பெண்கள் போனை எடுத்தால் தனக்கு லைனே கிடைக்காது என்று தஜிக் கர்னல் சிரித்தார்.

"உங்களுக்கு லைன் கெடைச்சும்தான் என்னத்தப் பேசினீங்க கர்னல் ஐயா?" என்றாள் ஓய்ஷரீஃப். கிர்கிஸ் அதிகாரிகூட மீசைக்குள் சிரித்தார். பிறகு அவர் விதிகள் எழுதிய காகிதத்தைச் சைராகுல் பக்கம் திருப்பினார்.

"அன்னைக்கு நீங்க குடுத்த தகவல மாதிரியா வெச்சுத்தான் விதிய எழுதியிருக்கோம். அதுல எதுவும் விட்டுப்போகலயே?"

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஏப்ரல் காலை. சைராகுலின் கணவனுடைய அண்ணன், கம்பளியில் சுற்றிய வேட்டைத் துப்பாக்கியோடு மதகுக்குக் கிளம்பினார். பின்னால் மண்வெட்டியோடு மூன்று பேர். சைராகுல் மாட்டுக் கொட்டிலுக்குள் ஒளிந்து நின்று போன் செய்தாள். நாலு பேர் வருகிறார்கள் என்றாள். யார் முன்னால் வருவது என்று ஓய்ஷரீஃப் கேட்டாள்.

புகுந்த வீட்டு மூத்த ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக அவரை 'மலையார்' என்றே சொல்லிப் பழகிய நாக்கு அசையவில்லை. "தெரியல அக்கா" என்றாள். அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். துப்பாக்கி இல்லாமல் வாசல் தாண்டாத ஆள் என்பது இரண்டு ஊருக்கும் தெரியும்.

மண்வெட்டிக்காரர்கள்தானே, பேசிப் பார்க்கலாம் என்று ஓய்ஷரீஃபின் தம்பி சியோவுஷ் வெறுங்கையோடு போனான். குண்டு பாய்ந்த இடது காலை முழங்காலோடு எடுத்தார்கள். சுட்டது யாரென்று இரு தரப்பும் மாறி மாறிக் கையைக் காட்டியதில் விசாரணை அப்படியே நின்றுபோனது.

வழக்கம்தான் வாயைக் கட்டியது என்று அவள் பல நாள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் 'துப்பாக்கி' யாருடைய பெயரும் இல்லையே. அதை ஏன் சொல்லவில்லை? வீட்டு ஆள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான். வழக்கம் அவளுக்கு ஒளிய ஒரு சுவராக வாய்த்தது.

இப்போது ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று சொன்னால் கையெழுத்தாகிவிடும். உண்மையைச் சொன்னால் வீட்டு வாசலை மறுபடி மிதிக்க முடியாது. பெண்களின் நாற்காலியும் போகலாம்.

"விட்டுப்போச்சு" என்றாள். "ஒரு பேரு. ஒரு துப்பாக்கி. ரெண்டுமே எனக்குத் தெரியும்." பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னாள். "தோக்தோசுன்."

கர்னலின் பேனா நின்றது. ஓய்ஷரீஃப் அவள் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு வருஷமா எந்தம்பி உனக்கு நன்றி சொல்லச் சொல்லி என்னை அனுப்புறான்" என்றாள். "இன்னைக்குப் போய் அவங்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?"



ஓய்ஷரீஃப் கர்னலிடமிருந்து பேனாவை வாங்கி, காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, தகவல் தருபவர் என்ற வரியின் கீழே எழுதினாள்: ஆயுதம் உண்டா, யார் கையில், சொந்தக்காரராக இருந்தாலும். தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, சைராகுலின் முகத்தைப் பார்க்காமல், காகிதத்தை அவள் முன்னால் தள்ளினாள்.