படுத்த நாளுக்கும் முழுப்பேர்

பேச்சியம்மாவின் அலுப்பு உங்களுக்கும் எனக்கும் வருகிற அலுப்பு இல்லை. நாம் படுத்து எழுந்தால் அது போய்விடும். அவளோ விடிய விடியத் தூங்கி எழுந்ததும், மறுபடி எப்போது படுக்கலாம் என்றுதான் முதலில் யோசிப்பாள். ஆறாம் நம்பர் தேயிலை மலையில் கொழுந்துக் கூடையோடு ஏறினால் மூன்றாவது திருப்பத்தில் கால் இரண்டும் நின்றுவிடும். நல்ல வெயிலிலும் கம்பளியைக் கழற்ற மாட்டாள். தலைமுடி கொட்டிப்போய், புருவத்தில்கூடப் பாதிதான் மிச்சம். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு அவளைத் ‘தூங்குமூஞ்சி’ என்பார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் ‘சோம்பேறி’ என்பார்கள். புருஷன் அழகுமுத்து இரண்டையும் சேர்த்துச் சொல்வான். அவள் திருப்பி ஒரு வார்த்தை பேச மாட்டாள். பேசவும் தெம்பு வேண்டுமே!

இருபத்தோரு வருஷமாக இதே கதைதான். மகள் பூரணி பிறந்த அன்று பேச்சிக்கு உதிரம் நிற்கவில்லை. பாயும் சாக்கும் நனைந்து தரைக்கு வந்துவிட்டது. செத்தாள் என்றே நினைத்தார்கள், எப்படியோ பிழைத்தாள். ஆனால் மாரில் ஒரு சொட்டுப் பால் சுரக்கவில்லை. லயத்தில் அடுத்த காம்பரா அறையில் கைப்பிள்ளை வைத்திருந்த வேலாயிதான் பூரணிக்கும் பால் கொடுத்தாள். அதன் பிறகு பேச்சிக்கு வீட்டுக்குத் தூரமும் வரவில்லை, இன்னொரு பிள்ளையும் உண்டாகவில்லை. பால் கொடுக்காத தாய் என்று அவளை யாரும் குத்திக்காட்டியதில்லை. அவளேதான் தனக்குள் சொல்லிச் சொல்லி நொந்துகொண்டாள்.

அறுபத்தோராம் ஆண்டு ஆடி மாத மழையில் கொழுந்தெடுத்துக்கொண்டே சரிந்து விழுந்தாள். தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சர் ஜெயரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், நாடி பார்த்தார், புருவத்தைப் பார்த்தார், பிள்ளை பெற்ற கதையைக் கேட்டார். கேட்ட கையோடு லாரியில் ஏற்றிக் கண்டிக்கு அனுப்பிவைத்தார். ஐந்து வாரம் கழித்து மூன்று வகை மாத்திரையோடு திரும்பி வந்தாள்.

ஐந்து வாரமும் அளவு பார்ப்பதிலேயே போயிற்று. கழுத்துச் சுரப்பிக்கான மாத்திரையைச் சற்றுக் கூட்டினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், குறைத்தால் கண் சொருகும். உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் வெள்ளை மாத்திரை முதலில் உள்ளே போனால்தான் மற்றதைத் தொடலாம். மூன்றாவது, தீட்டு நின்ற பெண்களுக்குக் கொடுப்பது. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வைப்பதற்குள் கண்டி டாக்டருக்கே போதும் போதும் என்றாகிவிட்டது.

“அந்தப் பிள்ளைப்பேறோட உன்ரை தலைக்குள்ள ஒரு சின்னச் சுரப்பி செத்துப்போச்சு, பிள்ளை” என்று ஜெயரத்தினம் விளக்கினார். “அதுதான் மற்றச் சுரப்பியளை எழுப்பி விடுறது. நீ சோம்பேறியும் இல்லை, ஒண்டும் இல்லை. இனி உடம்பு வேலை செய்யிறதுக்கு இந்த மூண்டு குளிசையும் வேணும். காய்ச்சல் கீய்ச்சல் எண்டால் உடனை என்னட்டை வந்து சொல்லோணும்.”

‘சோம்பேறி இல்லை’ என்று அவர் சொன்னதிலேயே பேச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. மற்றதில் பாதி காதில் விழவில்லை. உடம்பு வேலை செய்ய மாத்திரை என்பது மட்டும் நன்றாக விழுந்தது.

கார்த்திகை பிறந்தபோது அவள் கம்பளியைக் கழற்றினாள். ரொட்டிக்கு இன்னும் கொஞ்சம் தேங்காய்ச் சம்பல் கேட்டாள். ஒருநாள் அழகுமுத்து பழக்கதோஷத்தில் ‘சோம்பேறி’ என்று வாய்விட, “நாக்க அடக்குங்க. ஒரு நா எங் கூடைய சொமந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்க” என்று ஒரு போடு போட்டாள். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“அடி ஆத்தி! எங்க, இன்னொரு தடவ திட்டு புள்ள” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். திட்டத் தெரிந்த பெண்டாட்டி திரும்பி வந்ததில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். இத்தனை காலம் தான் திட்டியதை நினைத்து வெட்கமும் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த பூரணியைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொள்ளச் சொல்லிச் செய்தி வந்தது. மாசியில் பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை. பேச்சிக்கு அன்றிலிருந்து ஒரே கவலை. தனக்கு நேர்ந்தது மகளுக்கும் நேர்ந்தால்? அந்த நேரத்தில் தான் தூங்கி வழிந்துகொண்டிருந்தால்? வெந்நீர் போட, துணி அலச, மருந்து இடித்துக் கொடுக்க, ராப்பகலாகக் கண்விழிக்க இந்த உடம்பு தாங்குமா? இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் கொடுக்காததையெல்லாம் இந்த ஒரு பிரசவத்திலாவது மகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். உடம்பு வேலை செய்யத்தானே மாத்திரை? ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. வேலை இல்லாத நாளில் மாத்திரையைத் தின்று வீணாக்குவானேன்? எடுத்து வைத்தால் பிரசவ நாளில் ஒன்றுக்கு மூன்றாகப் போட்டுக்கொண்டு மூன்று ஆள் வேலை பார்க்கலாமே! புருஷனிடம் சொன்னாள். “சரியாத்தான் சொல்ற” என்றான் அவனும்.

சிரிக்காதீர்கள். வேலை என்றால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்று, பேர் கூப்பிட்டதும் “இருக்கேங்க” என்று சொல்லிவிட்டு மலை ஏறுவது என்றே பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். நாள் முழுக்க நின்றால் முழுப்பேர், முழுச் சம்பளம்; மத்தியானத்தோடு திரும்பினால் அரைப்பேர், படுத்துக்கொண்டால் பேரே இல்லை. மாத்திரையும் அப்படித்தான் என்று இருவரும் நினைத்தார்கள். அரைப்பேர் நாளில் அரை மாத்திரை போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் போடாமல் மரக்கட்டையாகக் கிடந்தாள். மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு பவுடர் டின்னுக்குள் போயிற்று.

தை மாதம் பூரணி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து இறங்கினாள். வந்த நான்காம் நாள் பேச்சிக்குக் குளிர் காய்ச்சல். டிஸ்பென்சரிடம் சொன்னால் மறுபடி கண்டிக்கு அனுப்பிவிடுவார், பிள்ளைத்தாய்ச்சி தனியாகக் கிடப்பாள் என்று வாயை மூடிக்கொண்டாள். மலைக்குப் போக முடியவில்லை. போகாத நாளுக்கு மாத்திரை ஏது? அன்றைக்கும் போடவில்லை, மறுநாளும் போடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பூரணி தேத்தண்ணி கொண்டுவந்து எழுப்பினாள். பேச்சிக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. பச்சைத் தண்ணீரும் வாந்தியாக வந்தது. கை ஐஸாகக் குளிர்ந்து கிடந்தது. “வெந்நி… வெந்நி போட்டாச்சா?” என்று குழறினாள். பிரசவம் நடக்கிறது என்று நினைப்பு.

“அப்பா! அம்மா என்னமோ மாதிரி பேசுது, ஓடியாங்க!” என்று பூரணி போட்ட சத்தத்தில் லயமே வெளியே வந்துவிட்டது. அழகுமுத்து எட்டிப் பார்த்தான், அப்படியே டிஸ்பென்சரிக்கு ஓடினான். செருப்புக்கூடப் போடவில்லை.

ஜெயரத்தினம் வந்தார். கண்டி டாக்டர் ஆபத்துக்கென்று கொடுத்துவைத்திருந்த ஊசி மருந்தை ஏற்றினார், சேலைன் போட்டார், பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அழகுமுத்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தோட்டத்துச் சாமி எல்லோரையும் ஒருவர் விடாமல் கூப்பிட்டான். மத்தியானம் சங்கு ஊதியபோது பேச்சி கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றாள்.

அதற்குப் பிறகுதான் டிஸ்பென்சருக்குக் கோபம் வந்தது. “குளிசை எடுத்தனியோ?”

பூரணி மாடக்குழியிலிருந்து பவுடர் டின்னை எடுத்துக் கொடுத்தாள். அவர் கையில் கவிழ்த்தார். உள்ளங்கை நிறைந்தது.

“ஏனப்பா இதை எடுக்கேல்லை? சாகிறதுக்கோ?”

“நீங்கதானுங்களே ஐயா சொன்னீங்க, ஒடம்பு வேல செய்ய மாத்திரைன்னு” என்றாள் பேச்சி மெல்ல. “வேலைக்குப் போகாத நாளைக்கி எதுக்குங்க? மக பிரசவத்துக்காச்சும் ஒதவட்டுமேன்னு…”

ஜெயரத்தினம் மாத்திரைகளைத் திரும்ப டின்னுக்குள் போட்டார். பிறகு பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

“பிழை என்ரை வாயிலதான்” என்றார். “உனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லேல்லை. இஞ்ச பார் பிள்ளை. உன்ரை நெஞ்சு ஞாயிற்றுக்கிழமையில லீவு போடுதோ? மூச்சு நிக்குதோ? நீ படுத்துக் கிடக்கேக்கையும் உள்ளுக்கை வேலை நடக்குது. காய்ச்சல் எண்டால் அண்டைக்கு ரெண்டு ஆள்ரை வேலை. அண்டைக்குத்தான் வெள்ளைக் குளிசையும் கூடப் போடோணும். அதுக்குத்தான் என்னட்டை வா எண்டனான். சேத்து வைச்சு ஒரேயடியாப் போட்டு ஓடினால், போய்ச் சேர வேண்டியதுதான்.”

பேச்சி தலையை அவர் பக்கம் திருப்பினாள்.

“அப்ப படுத்துக் கெடந்த நாளைக்கும் எனக்குப் பேரு உண்டுங்களா, ஐயா?”

“முழுப்பேர்” என்றார் அவர். “இருபத்தொரு வருசமும் உனக்கு முழுப்பேர்தான். எங்களுக்குத்தான் தெரியேல்லை.”

அழகுமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று மகளுக்கும் தெரிந்தது, பெண்டாட்டிக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து அந்தக் காம்பராவில் தனிப் பெரட்டு நடந்தது. மழையோ வெயிலோ, வேலை நாளோ லீவு நாளோ, விடிந்ததும் அழகுமுத்து வெள்ளை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கங்காணி மாதிரித் தொண்டையைக் கனைத்து, “பேச்சியம்மா!” என்பான். “போங்க, ஒங்களுக்கு வேற வேல இல்ல” என்று அவள் சிணுங்குவாள். “பேரு கூப்பிட்டா ஒழுங்கா பதில் சொல்லணும்” என்று விடமாட்டான். அவள் “இருக்கேங்க” என்ற பிறகுதான் மாத்திரை, தேத்தண்ணி எல்லாம். மற்ற இரண்டும் அதன் பிறகு. அலுப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை, மத்தியானமானால் கண் இழுக்கும். இழுத்தால் படுத்துக்கொண்டாள், யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல்.

தாய்க்கு நேர்ந்ததைச் சொல்லி, பூரணியை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்க்க ஜெயரத்தினமே ஏற்பாடு செய்தார். அங்கே பேச்சிக்கு ஒரு வேலையும் இல்லை. வெந்நீரை நர்ஸ் பார்த்துக்கொண்டாள், துணியை ஆயா அலசினாள். பேச்சி கட்டில் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான். பூரணி அவள் கையை விடவே இல்லை.

“எங்கயும் போயிறாதம்மா.”

“நா எங்கடி போகப் போறேன். இங்கனதான் ஒக்காந்திருக்கேன்.”

சனிக்கிழமை சாயந்தரம் பெண் குழந்தை பிறந்தது. பேச்சி மூன்று தடவை துணியை விலக்கிப் பார்த்தாள். உதிரம் அளவோடு நின்றிருந்தது. மறுநாள் காலையில் குழந்தை மாரில் வாய் வைத்ததும் பூரணி சிரித்தாள். “அம்மா, பால் வருதும்மா!”

பேச்சிக்குச் சந்தோஷத்தோடு பழைய துக்கமும் கூடவே கிளம்பிவிட்டது. “ஒனக்கு நா ஒரு சொட்டு குடுக்கலையே தாயி. இந்தப் பிரசவத்துக்கும் ஒண்ணும் செய்யல, சும்மாதான ஒக்காந்திருந்தேன்” என்று விம்மினாள்.

“பால வேலாயி பெரியம்மா குடுத்துச்சு” என்றாள் பூரணி. “நேத்து எனக்குப் பிடிச்சுக்க ஒங் கைதாம்மா வேண்டியிருந்துச்சு. வேற யாரு கையும் ஆகாது.”

அப்போது ஜன்னலுக்கு வெளியே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஆம்பிளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். அழகுமுத்து முதல் பஸ்ஸில் வந்து, கம்பிக்கு வெளியே தேத்தண்ணிப் போத்தலும் கையில் வெள்ளை மாத்திரையுமாக நின்றான். ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் எங்கும் வேலை இல்லாத நாள்.

“பேச்சியம்மா!” என்று பேர் கூப்பிட்டான்.

இருபத்தோரு வருஷம் பெரட்டில் தரையைப் பார்த்து முணுமுணுத்தவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்:

“இருக்கேங்க!”