தேதி வரியில் நின்ற படகு

மணி ஒன்பது பத்து. படகுத்துறை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் திரையில் மஞ்சள் கோடு ஒன்று பல்லிளித்துக்கொண்டிருந்தது.

கவுண்டர்க்காரி மறுபடி பட்டனைத் தட்டினாள். மறுபடி அதே செய்தி. புரோகிராமுக்குக் கைகொடுக்கும் துணைக் கோப்பு, ஏதோ ஒரு லைப்ரரியைக் காணோமாம்!

பயணிகள் பட்டியல் போடும் மேக்ரோ, அந்தக் குட்டிப் புரோகிராம், அவள் சொந்தமாக எழுதியது. ஒரு தட்டு தட்டினால் நூற்று அறுபத்து நான்கு பெயர்களும் வேர்டு படிவத்தில் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தாளில் துறைமுக அதிகாரி கையெழுத்துப் போடாமல் படகு கயிறு அவிழ்க்காது. பத்து மணிக்கு மேல் ஓதம் இறங்கித் துறையில் தண்ணீர் வற்றிவிடும். பிறகு மாலைதான்.

மாலை என்றால் அவள் தங்கைக்கு எல்லாம் போச்சு. அக்கரைக் கப்பல் பட்டறையில் பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு வெல்டிங் தேர்வு. இரண்டு வருடம் காத்திருந்து வந்த அழைப்பு.

"அக்கா, கையால எழுதிடேன்!" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் தங்கை.

"பேரு, வயசு, அடையாள எண்ணு... எழுதி முடிக்க எனக்கென்ன எட்டு கையா இருக்கு? நீ போய்ப் படகுல உக்காரு. இங்க நின்னு என்னைப் பதற வைக்காத."

நேற்று இந்த மெஷினைக் கொண்டுவந்து மாட்டிய கம்ப்யூட்டர் மெக்கானிக், ஊர் வைத்த பெயர் வயர் அண்ணன், அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மெஷின் புத்தம் புதுசும்மா. உன் புரோகிராம்தான் கிழடு. பாரு, இன்னிக்குத் தேதி கேக்குற வரியில நிக்குது. அதைத் தூக்கிக் கடாசு!"

கடாசினாள். மஞ்சள் கோடு அடுத்த வரிக்குத் தாவியது. பெயர்களை வெட்டி ஒழுங்குபடுத்தும் சாதாரண வரி.

"இதையும் கடாசவா அண்ணே? இப்படியே போனா கடைசியில வெறும் தாள்தான் அச்சாகும்."

வயர் அண்ணன் மவுஸ் வயரை ஒருமுறை பிடுங்கிச் செருகினார்.

மூன்று வருடமாக ஒரு நாள்கூட மக்கர் பண்ணாத வரிகள். இரண்டும் ஒரே காலையில் கெட்டுப்போகுமா? திருடன் வேறெங்கோ இருக்க, தெருவில் போனவனைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது மெஷின்!

தேதி வரியைத் திரும்ப எழுதினாள். டூல்ஸ் மெனுவைத் திறந்தாள். லைப்ரரிகளின் பட்டியல் இருக்கும் ரெஃபரன்சஸ் மங்கிக் கிடந்தது, தட்டினால் அசையவில்லை.

ஒன்பது முப்பத்திரண்டு.

மேக்ரோ பாதியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதுதான். நிறுத்தும் சதுரத்தை அழுத்தினாள். இப்போது திறந்தது. டிக் போட்ட லைப்ரரிகளுக்கு நடுவே ஒன்றின் தலையில் மட்டும் 'மிஸ்ஸிங்' என்று எழுதியிருந்தது. வேர்டு லைப்ரரி, எண் பதினாறு.

பட்டியலைக் கீழே தள்ளினாள். அதே வேர்டு. எண் மட்டும் பதினான்கு, பழைய பதிப்பு.

நாற்காலி சடாரென்று திரும்பியது.

"அண்ணே, மெஷின் புதுசுன்னீங்களே?"

"பெட்டி புதுசுதாம்மா..."

"உள்ள?"

"உள்ள போட்ட ஆஃபீஸ் மட்டும்... கொஞ்சம் பழசு. யாரு கண்டுபிடிக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

"என் மேக்ரோ கண்டுபிடிச்சிருச்சு!"

திட்ட நேரமில்லை. தவிர, பதினாறுதான் வேண்டும் என்று மேக்ரோவை இறுக்கிக் கட்டிவைத்தவள் அவளேதான். பதினாறில் டிக்கை எடுத்தாள். பதினான்கில் வைத்தாள். சேமித்தாள். தட்டினாள்.

ஒரு வினாடி. இரண்டு.

பிரிண்டர் இருமிக்கொண்டு தாளை இழுத்தது.

அதிகாரி பெயர் பெயராக விரல் வைத்துப் பார்த்தார். பாவி மனுஷன், ஒன்றைக்கூட விடவில்லை. ஒன்பது ஐம்பத்தொன்றுக்குக் கையெழுத்து விழுந்தது. தாளோடு படகுக்கு வயர் அண்ணன்தான் ஓடினார், செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுபோக!

கயிறு அவிழ்ந்தது. தங்கை மேல்தளத்திலிருந்து வெல்டிங் முகமூடியைத் தூக்கி ஆட்டினாள். இனி அவள் கை, அவள் நெருப்பு.

மூச்சிரைக்கத் திரும்பி வந்த வயர் அண்ணன் கதவோரம் நின்றார். "நாளைக்கே சரியான ஆஃபீஸ் போட்டுத் தரேம்மா."

"போடுங்க. அதுக்குள்ள எந்த வேர்டு இருந்தாலும் ஓடுற மாதிரி நான் இதை மாத்தி எழுதிடுறேன். உக்காருங்கண்ணே, கத்துக்குங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.