நாட்டார் வார்த்தை

ஊர்க் கமிட்டிச் செயலாளர் கண்ணாயிரம் மூன்றாக மடித்துக் கொடுத்த தாளை, நாட்டார் சிங்காரம் பிரித்துப் பார்க்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்ன எழுதியிருக்கும் என்று தெரியும். அவருடைய தங்கை மலர்க்கொடியின் குடும்பத்தை ஊரிலிருந்து தள்ளி வைக்கிறார்கள். தடை செய்த சுருக்குமடி வலையை ஊரில் போடுகிறார்கள் என்று அவள் கணவர் செம்பியன் மீன்வளத் துறைக்கு எழுதிப் போட்டுவிட்டார். கமிட்டியில் ஏழு பேர். அதில் ஐந்து பேருக்கு அந்த வலையில் பங்கு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் அதைச் சிங்காரம்தான் வாசிக்க வேண்டும்.

கடலூருக்குத் தெற்கே அந்தக் கடலோர ஊரில் ஒரு காலத்தில் நாட்டார் சொன்னதே சட்டம். சிங்காரத்தின் தாத்தா, யாரோ ஒருவனுடைய படகைக் கொளுத்தச் சொன்னார், கொளுத்தினார்கள். பக்கத்து ஊர் நாட்டாரும் அப்படித்தான் ஆடினார். ஒரு நாள் ஊரே திரண்டு அவரை விரட்டியது. இன்று அங்கே நாட்டார் என்ற பேச்சே இல்லை. அதைப் பார்த்த சிங்காரத்தின் அப்பா, முடிவெடுக்கும் வேலையைக் கமிட்டியிடம் விட்டுவிட்டார். மாசி மகத் திருவிழாவில் கழுத்துக்கு முதல் மாலை, கூட்டத்தில் நடு நாற்காலி, தீர்ப்பு வாசிக்கும் வாய், இவ்வளவுதான் வீட்டோடு நின்றது. கமிட்டி மாறிக்கொண்டே இருக்கும். நாற்காலி மாறாது.

சனிக்கிழமை சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். மகள் வெண்மதி அண்ணாமலை நகரில் தங்கி, கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறாள்.

"வாசிக்க மாட்டேன்னு சொல்லலாமாம்மா?"

"சொல்லலாம்பா. ஒரே ஒரு தடவ. இங்கிலாந்து ராஜா பார்லிமெண்ட்ல 'என் அரசு'ன்னு படிப்பாரு. எழுதுறது பூரா மந்திரிங்க. சட்டம் புடிக்கலைன்னாலும் சரின்னுடுவாரு. தப்பு நடந்தா மந்திரி போவாரு, இவரு இருப்பாரு. எல்லாம் நாந்தான்னு ஆண்ட ராஜாவுக்கு அது முடியாது. தப்பு நடந்தா போறதுக்கு அவன் ஒருத்தன்தான இருந்தான்?"

"மாட்டேன்னுட்டா?"

"ராஜா எதுக்குன்னு கேப்பாங்க."

"கண்ணாயிரம் நாளைக்கே கேப்பான்."

"கேக்கட்டுமேப்பா. அத்தயவிட நாற்காலி ஒசத்தியா?"

சிங்காரம் மணியைப் பார்த்தார். அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தார். 'நாட்டார் சொல்றேன்' என்றே தாள் தொடங்கியது. செம்பியனுக்கு ஐஸ் கிடையாது. அவர் மீனை யாரும் ஏலம் கேட்கக் கூடாது. அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது. குரல் கொஞ்சமாவது நடுங்கும் என்று நினைத்திருந்தார். நடுங்கவில்லை.

மலர்க்கொடி நேராகக் கண்ணாயிரத்திடம் போனாள். "எழுதுனது நீதான? எஞ் சோத்துல மண்ணப் போட்டுட்டியேடா!"

"நாங்க என்னாக்கா செய்யிறது?" கண்ணாயிரம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பணிவாகச் சொன்னான். "நாட்டார் வார்த்த. ஒங்க அண்ணன்தான், அவரயே கேளு."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். கமிட்டிக்காரர்கள் ஏழு பேரும் நடு நாற்காலியை விட்டு மெல்ல விலகி நின்றார்கள்.

மண் சிங்காரத்தின் மேல் மட்டும் விழுந்தது.