பீடத்துணியை மடித்துவிடப் போனவள்

தலைமேல் ஒரு கை, கனமான, வியர்த்த கை, என்னை எழவிடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது, முழங்கால்கள் பீடத்துக்கு முன்னால் விரித்த தேங்காய்நார்ப் பாயில் பதிந்து உறுத்துகின்றன, விரல் நுனி சுட்டுப்போய் எரிகிறது, கருகிய நூலின் வாடை மூக்கில் ஏறுகிறது, மேலே பிரசங்கியாரின் குரல், ஆண்டவரே இந்த மகளை ஏற்றுக்கொள்ளும், உம்முடைய ஊழியத்துக்கு இவளை அனுப்பும் என்று தழுதழுக்கிறது, எந்த மகளை என்று நான் யோசிக்கிறேன், இரண்டு பக்கமும் ஓரக்கண்ணால் பார்க்கிறேன், யாருமே இல்லை, ஆக நான்தான் அந்த மகள், எனக்கு இருபது வயது, பி.காம். முடித்து ஆவடியில் ஒரு டைப்பிஸ்ட் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன், பெரம்பூரில் ரயில் பெட்டி செய்கிறவர்களும் பழுது பார்க்கிறவர்களுமாக நிறைந்த எங்கள் மெதடிஸ்ட் சபையில் அது மூன்று நாள் கன்வென்ஷனின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை காலை.

நடந்தது இவ்வளவுதான், முழுநேர ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னே வாருங்கள் என்று பிரசங்கியார் அழைத்துவிட்டு, எல்லாரும் தலையைத் தாழ்த்துங்கள், ஒருவரும் கண் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார், பாடகர் குழு கடைசிச் சரணத்தை நான்காம் முறையாகப் பாடிக்கொண்டிருந்தது, யாரும் போகவில்லை, யாராவது போகாமல் அவர் விடுகிற மாதிரியும் இல்லை, வீட்டில் கறியை வேகவைத்துவிட்டு வந்தவர்கள் பெஞ்சில் நெளிகிற சத்தம்கூடக் கேட்டது, நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன், சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்த வியாதி உண்டு, திறந்த கண்ணில் பட்டது பீடத்துணி, அம்மா ஒரு வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் முழுக்கக் குரோஷா ஊசியால் பின்னிய லேஸ் வைத்த துணி, சனிக்கிழமைதோறும் நான் இஸ்திரி போடுகிற துணி, பிரசங்கியாருக்கு வியர்க்கிறதென்று எங்கள் சபைக்காரர் சந்தோஷம் மாமா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த நின்று சுழலும் ஃபேன் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் லேஸ் எழும்பியது, மெழுகுவத்திச் சுடர் சாய்ந்தது, மூன்றாவது தடவை லேஸின் ஒரு பூ சிவந்து புகைந்தது, நான் எழுந்து போனேன், விரலால் நசுக்கி அணைத்தேன், தொங்கிய ஓரத்தைப் பீடத்துக்கு அடியில் மடித்துவிட முழங்கால் போட்டேன், அவ்வளவுதான், கை வந்து தலையில் இறங்கிவிட்டது, எல்லாரும் கண் திறந்தபோது நான் அங்கே மண்டியிட்டு இருந்தேன், கண்ணில் புகை பட்ட தண்ணீர் வேறு.

உடனே சொல்லியிருக்கலாம், ஐயா நான் துணிக்காக வந்தேன் என்று ஒரே ஒரு வாக்கியம், ஆனால் திரும்பிப் பார்த்தால் அம்மா முதல் பெஞ்சில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள், என் அம்மா சாவு வீட்டிலேயே அழாதவள், வீட்டுக்கு வந்ததும் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நீ வயித்துல இருக்கச்சே கேட்டுக்கினேன் கண்ணு, எங்க வீட்லேர்ந்து ஒரு ஆள எடுத்துக்கோ சாமின்னு, யார்கிட்டயும் சொல்லல, உங்கப்பாகிட்டகூட சொல்லல, இருவது வருஷம் கழிச்சு பதில் வந்திச்சு பாரு என்றாள், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன், மறுநாளைக்குள் செய்தி காட்பாடிச் சொந்தக்காரர்கள் வரை போய்விட்டது, மாதர் சங்கத்தார் ஒரு வெள்ளைப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள், ஞாயிறுபள்ளி நடத்திய ஹெப்சிபா டீச்சர் வேதத்தில் எந்தச் சொல் எங்கே வருகிறதென்று காட்டுகிற தன் ஒத்தவாக்கியப் புத்தகத்தை, அவர் கல்யாணத்துக்கு வந்த பரிசு அது, என் மடியில் வைத்து, எனக்கு இனிமே கண்ணு தெரியாது, உனக்குத்தான் வேணும் என்றார், நான் வாங்கிக்கொண்டேன், ஒரு பொய்யும் சொல்லாமலே ஊரையே ஏமாற்ற முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

சந்தோஷம் மாமா வந்து நின்றது அந்த வாரத்தில்தான், ரயில் பெட்டி பழுது பார்க்கிற கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர், அதிகம் பேசாதவர், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, எங்க வீட்டுல ஒரு நட வந்து ஜெபம் பண்ணிட்டுப் போம்மா, உங்க அத்தைக்கு என்றார், அவர் மனைவி சாராள் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து நான்கு மாதமாகக் கட்டிலில் கிடந்தாள், ஐந்து நிமிடத்தில் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு நழுவிவிடலாம் என்றுதான் போனேன், கட்டில் பக்கத்தில் நின்று கண்ணை மூடினேன், ஒரு வார்த்தைகூட வரவில்லை, சாவிக்கொத்தைக் கையில் வாங்கிக்கொண்ட திருடன் மாதிரி நின்றேன், கண்ணைத் திறந்தபோது அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் அந்த வியாதி உண்டு போலிருக்கிறது, ஜெபம் வரலன்னா பரவால்ல, இந்தச் சிக்கெடுத்து வுடுறியா, மண்ட அரிக்குது, இந்த ஆம்பளைக்குப் பின்னத் தெரியல என்றாள், நான்கு மாதச் சிக்கு, உட்கார்ந்து தேங்காயெண்ணெய் வைத்துப் பிரித்தேன், பிரிக்கப் பிரிக்க அவள் பேசினாள், செத்துப்போன தன் தங்கையைப் பற்றி, ராத்திரிகளில் தனக்கு வருகிற பயத்தைப் பற்றி, யாரிடமும் சொல்லாததையெல்லாம், பின்னி முடித்தபோது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது, மறுநாள் யாரும் கூப்பிடாமலே போனேன், அதற்கு மறுநாளும், அந்த வீட்டிலிருந்து இன்னொரு வீடு, ரயில்வே ஆஸ்பத்திரி வார்டு, டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்தது, எடுத்துக்கூட வைக்கவில்லை, அப்போதுதான் பயம் வந்தது, துணிக்காகப் போனதை மறைத்துக்கொண்டு நான் எதைச் சுமக்கிறேனோ அது எனக்கே வேண்டியதாகிவிட்டது, இனி உண்மையைச் சொன்னால் போவது அம்மாவின் சந்தோஷம் மட்டுமில்லை, என்னுடையதும்தான்.

எங்கள் சபையில் கடவுள் அழைத்தால் மட்டும் போதாது, காலாண்டுக் கூட்டத்தில் சபையார் கை தூக்கிச் சிபாரிசு செய்தால்தான் வேதாகமக் கல்லூரிக்குப் போக முடியும், அந்தக் கூட்டம் மூன்று வாரம் கழித்து ஆராதனை முடிந்ததும் ஞாயிறுபள்ளி அறையில் கூடியது, பதினோரு பெரியவர்கள் பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள், டி.எஸ். ஐயா, எங்கள் பகுதியின் சபைகளையெல்லாம் மேற்பார்க்கிற குருவானவர், அவருக்கு மட்டும் ஒரு நல்ல நாற்காலி, அம்மா சபைக்குக் காரியதரிசி, நோட்டைப் பிரித்துத் தேதி எழுதிவிட்டாள், டி.எஸ். ஐயா என்னைப் பார்த்து, உன் அழைப்பைப் பத்திச் சொல்லும்மா என்கிறார், நான் ஒரு சாட்சி தயார் பண்ணி வைத்திருந்தேன், நல்ல சாட்சி, வேத வசனமெல்லாம் வைத்தது, வாயைத் திறந்தால் துணி வந்தது, ஐயா, அன்னைக்கு நான் லேஸ்ல நெருப்பு புடிச்சத அணைக்கத்தான் வந்தேன், என்னை யாரும் கூப்பிடல, நான் கண்ணைத் தொறந்து வெச்சிருந்தேன், இத இத்தினி நாளு சொல்லாதது தப்பு.

அம்மாவின் பேனா நின்றுவிட்டது, அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, நோட்டைத்தான் பார்த்தேன், அம்மா, இத எழுதணுமா ஐயா என்று கேட்டாள், சொன்னது சொன்னபடி எழுதுங்கம்மா என்றார் அவர், பேனா மறுபடி ஓடியது, மெதுவாக, அந்தப் பேனா முள் காகிதத்தில் ஊர்கிற சத்தம் இன்றைக்கும் சில தூக்கங்களில் கேட்கிறது, அப்போது சந்தோஷம் மாமா குட்டி பெஞ்சிலிருந்து கஷ்டப்பட்டு எழுந்தார், ஐயா, நெருப்ப நானும் பாத்தேன், ஃபேன அந்தப் பக்கம் வெச்சவனே நாந்தான், எழுந்தா கண்ண மூடலன்னு தெரிஞ்சிடுமேன்னு கம்முனு குந்திக்கினேன் என்றார், ஹெப்சிபா டீச்சர் தரையைப் பார்த்தபடி, வாடை எனக்கும் வந்துச்சு, கண்ணத் தொறந்துட்டேன் என்றார், நானும் என்றது ஒரு குரல், அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று, கடைசியில் அம்மாவைத் தவிரக் கண்ணை மூடியிருந்தவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை என்று ஆனது, டி.எஸ். ஐயா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பை மறைக்கத்தான், மாமா இன்னும் உட்காரவில்லை, தொப்பி கையில் சுருண்டுகொண்டிருந்தது, இந்தப் பொண்ணு மொதல்ல துணிக்குத்தான் வந்துச்சு, சரி, எங்க வீட்டுக்கு எந்தத் துணிக்கு வந்துச்சு ஐயா, மறுநாளு எந்தத் துணிக்கு வந்துச்சு, நான் ஒரு நாளுதான் கூப்ட்டேன்.

டி.எஸ். ஐயா என் பக்கம் திரும்புகிறார், இப்ப யாரும் உன்னைக் கூப்பிடல, தலைமேல யார் கையும் இல்ல, வேண்டாம்னு சொன்னா இங்க ஒருத்தரும் தப்பா நினைக்க மாட்டாங்க, போறியாம்மா என்கிறார், போறேன் ஐயா என்கிறேன், எங்க அனுப்புவோம்னு தெரியாதே என்கிறார், தெரிய வேணாம் ஐயா, சொன்ன எடத்துக்குப் போறேன் என்கிறேன், என் குரல்தானா என்று இருக்கிறது, படித்துக் குருவானவராகி ஒன்பது ஊர்கள் அதற்குப் பிறகு, பிஷப் வாசிக்கிற நியமனப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே எந்த ஊர் வருகிறதோ அந்த ஊர், பெட்டி கட்டி அவிழ்த்துப் பெட்டி கட்டி, பீடத்தின் முன் யாராவது வந்து முழங்கால் போட்டால் அவர் காதருகே குனிந்து, எதுக்கு வந்தீங்க என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன், ஒருவர் இடுப்புவலிக்கு என்றிருக்கிறார், ஒருத்தி அழ ஒரு இடம் வேண்டும் என்றாள், ஒரு பெரியவர் தெரியல என்றார், அவருக்குத்தான் நான் ரொம்ப நேரம் ஜெபித்தேன், ஆனால் அதெல்லாம் அப்புறம், இப்போது டி.எஸ். ஐயா, சிபாரிசு பண்றவங்க கை தூக்குங்க என்கிறார், கைகள் எழும்புகின்றன, கிரீஸ் கறை போகாத கை, சாக்பீஸ் பிடித்துக் காய்த்த கை, அம்மா மட்டும் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறாள், உங்க ஓட்டும்மா என்கிறார் அவர், இருங்க ஐயா, அவ சொன்னத முழுசா எழுதிக்கிறேன் என்கிறாள், எழுதி முடித்து, ஊதி, பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், அன்றைக்குக் கன்னத்தைப் பிடித்துப் பார்த்த பார்வை இல்லை, முதல்முறையாக யாரோ ஒருத்தியைப் பார்க்கிற பார்வை, கையைத் தூக்கினாள், எனக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டு கிடையாது, அது மறந்துபோய் நானும் தூக்கினேன், யாரும் இறக்கச் சொல்லவில்லை.