சாய்ஸில் விட்ட பாடம்

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே வகுப்பில் படித்தால் எல்லாம் இரட்டைச் செலவு என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். பெரிசும் சின்னதும் மட்டும் அதில் ஒரு லாபத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் இரட்டையர். கொஞ்ச நேரம் முந்திக்கொண்டு பிறந்தவள் பெரிசு, பின்னால் வந்தவள் சின்னது. அப்பா வைத்த செல்லப்பெயர்கள்தான். நிஜப்பெயர்கள் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தன.

லாபம் என்னவென்றால், பாடங்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். கணக்கும் அறிவியலும் சின்னதுக்கு. வரலாறு, புவியியல், மொழிப்பாடம் எல்லாம் பெரிசுக்கு. அவரவர் பங்கை அவரவர் படித்து மற்றவளுக்கு வாயால் சொல்லிவிட வேண்டும். மற்றவள் அந்தப் புத்தகத்தைத் தொடவே கூடாது. இது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம். பரீட்சையில் இருவரும் ஒரே தப்பை ஒரே இடத்தில் செய்வதைப் பார்த்த ஆசிரியர்கள், காப்பி அடிக்கிறார்கள் என்று ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தார்கள். அப்படியும் அதே தப்பு வந்தது. அதோடு விட்டுவிட்டார்கள்.

சின்னது கணக்கைச் சொன்னால் கணக்கு மாதிரிதான் இருக்கும். பெரிசு வரலாற்றைச் சொன்னால் அது சொந்தக்காரர் வீட்டுச் சண்டை மாதிரி இருக்கும். ஒப்பந்தம் என்றால் பெரியப்பாவும் சித்தப்பாவும் வீட்டைப் பிரித்துக்கொண்ட கதை. பேரரசர் என்றால் கீழ் வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர். யார் என்ன சொன்னாலும் கேட்கமாட்டார், காதும் கேட்காது.

கோட்டைப் பாடத்தை அவள் சொன்ன நாள் சின்னதுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று மத்தியானம் அப்பா ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோ?" என்று கேட்டுத் தொலைத்தார். அம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். பெரிசு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பாடு முடிந்ததும் சின்னதை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"கோட்டை விழுந்ததுக்கு நாலு காரணம். எழுதிக்காதே, கேளு. ஒண்ணு, மதில் பழசு. ரெண்டு, தளபதி அந்தப் பக்கம் விலை போயிட்டான். மூணு, கிணறு வத்திப் போச்சு. நாலுதான் முக்கியம். ராஜா சாப்பிட உட்கார்ந்தாரா, உப்பு தூக்கலா இருக்கேன்னாரா, சமையல்காரன் கரண்டியைத் தூக்கிப் போட்டுட்டுப் பின் வாசல் வழியா விறுவிறுன்னு போயிட்டான். போனவன் சும்மா போனானா? கதவைச் சாத்தாம போயிட்டான்!"

சின்னது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நிஜமாவாடி?" என்றாள். "புத்தகத்துல இருக்கு. நீதான் பார்க்கக்கூடாதே" என்று சொல்லிவிட்டுப் பெரிசு போய்விட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் பெரிசுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது தாமதம் என்றார் டாக்டர். அவ்வளவுதான்.

சின்னது அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அவள் காதுபடவே அதைப் பற்றிப் பேசினார்கள். கல்நெஞ்சுக்காரி என்றாள் ஒருத்தி. அதிர்ச்சியில் இருக்கிறாள், தானாக வரும் என்றாள் இன்னொருத்தி. வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாரோ ஒருவருடைய கன்னம் மாதிரி இருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. குளித்தாள், பள்ளிக்கூடம் போனாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள். பசி என்று ஒன்று வரவே இல்லை.

வீடும் அப்படித்தான் ஆகிவிட்டது. அம்மா கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். காலையிலிருந்து மாலை வரை வருகிறவர்களின் மூக்கில் கண்ணாடியை மாட்டி, "இப்ப தெளிவா தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்தால் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து பேசிக்கொண்டே இருப்பதுதான் முதல் வேலை, கதவைத் திறப்பதெல்லாம் அப்புறம் என்று பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவர் வீட்டில் வாயைத் திறப்பது கொட்டாவிக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

இறுதித் தேர்வு நெருங்கியபோது பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். கோட்டு போட்ட ஒரு மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எப்படிப் படித்தால் மனதில் நிற்கும் என்று விளக்கினார். போனைத் தூர வை, அட்டவணை போடு, முக்கியமானதை மஞ்சளில் கோடு போடு. "எல்லாத்துக்கும் மேல, படிச்சதை இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுங்க. அதுதான் ராஜபாட்டை!" என்று அவர் முழங்கியபோது வகுப்பே திரும்பிச் சின்னதைப் பார்த்தது. பாவம், அவருக்கு என்ன தெரியும்? அவள் தலை நிமிராமல் அதையும் குறித்துக்கொண்டாள்.

சொந்தக்காரர்கள் வாயும் சும்மா இருக்கவில்லை. மேல் வகுப்புக்கு என்ன பிரிவு என்பதுதான் பேச்சு. கணக்கில் மூன்று தடவை முட்டிக்கொண்டு விழுந்த சித்தப்பா, "கண்ணை மூடிக்கிட்டு சயின்ஸ் குரூப் எடு. ஹிஸ்டரி படிச்சவன் எவன் உருப்பட்டான்?" என்றார். ஊருக்குத்தானே உபதேசம். ஆனால் எந்தப் பிரிவுக்குப் போவதென்றாலும் எல்லாப் பாடத்திலும் தேறியாக வேண்டும். சின்னதுக்குப் பாதிப் பாடம் தண்ணீர்பட்ட பாடு. மீதிப் பாதி பெரிசின் குரலில் மட்டும்தான் இருந்தது.

மாதிரித் தேர்வு வந்தது. கணக்கில் முழு மதிப்பெண். வரலாற்றில் பாதிக்கும் கீழே. வரலாற்று டீச்சர் அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு விடைத்தாளைப் பிரித்துக் காட்டினாள்.

"கோட்டை ஏன் விழுந்துச்சுன்னு கேட்டேன். மூணு காரணம் சரியா எழுதியிருக்கே. நாலாவதா ஒரு சமையல்காரன் வர்றானே, யாரும்மா அவன்?"

பக்கத்து மேசை விளையாட்டு ஆசிரியர் சிரித்துவிட்டார்.

"பெரிசு சொன்னா டீச்சர்."

டீச்சர் முகம் மாறியது. விளையாட்டு ஆசிரியர் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"அப்படி எந்தப் புத்தகத்துலயும் இல்லைம்மா" என்றாள் டீச்சர், குரலைத் தாழ்த்தி. "உண்மையான நாலாவது காரணம் என்னன்னா..."

"சொல்லாதீங்க டீச்சர்!"

தன் சத்தம் தனக்கே பெரிதாகக் கேட்டது சின்னதுக்கு.  டீச்சர் தாளை மடித்துக் கொடுத்தாள். "சரி, சொல்லலை. ஆனா புத்தகத்தைத் திறக்காம நீ பாஸாக மாட்டே. அதை மட்டும் சொல்லிடறேன்."

அன்று மாலை அவள் பெரிசின் வரலாற்றுப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தாள். முதலில் ஒப்பந்தப் பாடம். படித்தாள், புரிந்தது, ஆண்டுகள் மனதில் நின்றன. புத்தகத்தை மூடிவிட்டு, இதையே பெரிசு எப்படிச் சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தாள். பெரியப்பா வந்தார், சித்தப்பா வந்தார். அவர்கள் என்ன பேசினார்கள்? பெரிசு எந்த இடத்தில் மூக்கைச் சுளித்தாள்? ஒன்றும் வரவில்லை. புத்தகம் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது, பெரிசு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் பேரரசர் பாடம். தபால்காரரும் போனார். படிக்கப் படிக்க மதிப்பெண் ஏறியது, பெரிசு குறைந்தாள். இப்படியும் ஒரு கணக்கா என்று இருந்தது. சின்னதுக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

சாய்ஸில் விடுவது என்று மாணவர்களிடம் ஒரு சாஸ்திரம் உண்டு. ஐந்து கேள்வி கேட்டு மூன்றுக்கு எழுதச் சொன்னால், இரண்டு பாடத்தை நிம்மதியாகக் கைகழுவிவிடலாம். மற்றவர்கள் கஷ்டமான பாடத்தை விடுவார்கள். சின்னது கோட்டைப் பாடத்தை விட்டாள். தவறிப்போய்க்கூடக் கண்ணில் படக்கூடாது என்று அப்பாவின் மேசையிலிருந்து ஸ்டேப்ளரை எடுத்துவந்து, அந்தப் பாடத்தின் பக்கங்களை ஓரம் முழுக்க அடித்துவிட்டாள். மற்ற எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்தாள்.

தேர்வு நாள். கேள்வித்தாளைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில், கட்டாயம் விடையளிக்க வேண்டிய கேள்வி: கோட்டையின் வீழ்ச்சிக்கான நான்கு காரணங்களை விளக்குக.

ஆழம் பார்த்துக் காலை விட்டாலும் சில நேரம் வழுக்கத்தான் செய்கிறது. மூன்று காரணங்களைப் புத்தக நடையில் எழுதினாள். மூன்றோடு நிறுத்திவிட்டுப் போயிருக்கலாம். நாலாவதுக்கு மதிப்பெண் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பேனா நிற்கவில்லை. ராஜா சாப்பிட உட்கார்ந்தார். உப்பு தூக்கலாக இருக்கிறது என்றார். கரண்டி பறந்தது. பெரிசு சொன்ன வரிசையில், சொன்ன வேகத்தில், அவள் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கி எழுதினாள். தாள் தீர்ந்துபோய் எழுந்து நின்றாள்.

"இன்னொரு தாள் வேணும் சார்."

மேற்பார்வையாளர் அசந்துபோய், "ஹிஸ்டரிக்கா?" என்றபடி நூலோடு சேர்த்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சீக்கிரமே வந்திருந்தார். வேலைச் சட்டையில் கிரீஸ் கறை. அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"எப்படி எழுதினே?" என்றார் அப்பா. பல மாதங்களில் அவர் கேட்ட முதல் கேள்வி.

"கோட்டைப் பாடம் வந்துச்சுப்பா. நான் படிக்காம விட்டது."

"அப்புறம்?"

"பெரிசு சொன்னதை எழுதினேன்."

அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரித்து ரொம்ப நாளாயிற்று.  நிறுத்திவிடலாமா என்று சின்னதுக்குத் தோன்றியது. நிறுத்தவில்லை. மதில் பழசு என்று ஆரம்பித்தாள். தளபதி விலைபோனான், கிணறு வற்றியது. சமையல்காரன் வரைக்கும் வந்துவிட்டாள். கரண்டியைத் தூக்கிப் போட்டான், பின் வாசல் வழியாகப் போனான். அதற்குமேல் வரவில்லை.

"கதவைச் சாத்தாம போயிட்டான்" என்றார் அப்பா.

சின்னது நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு வெளியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். உப்புன்னு சொன்னதுக்கு என் பொண்ணு என்னைக் கோட்டையோட சேர்த்துக் கவுத்துட்டா."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். "நானும்தான் கேட்டேன்" என்றாள். "சமையல்காரன் செஞ்சது சரிதான்."

மூன்று பேரும் சிரித்தார்கள் என்று சொல்லமுடியாது. சிரிப்பு வரக்கூடிய இடத்தில் மூன்று பேரும் சும்மா நின்றார்கள். சின்னது அன்றைக்கும் அழவில்லை. ஆனால் பசித்தது. சோறு போடச் சொல்லி உட்கார்ந்தாள். அம்மா கேட்காமலே இரண்டாவது தடவையும் போட்டாள்.

வரலாற்றில் தேறிவிட்டாள், தாராளமாகவே. பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளில் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வரலாறு எடுக்கலாம். உனக்கு நல்லா வருது. யோசிச்சுப் பாரு" என்றாள். மேல் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் மேசைமேல் இருந்தது. அதன் அட்டையிலேயே அந்தக் கோட்டைதான். முதல் பாடமே அதுவாம், இன்னும் விரிவாக.

"கணக்குதான் பிடிக்கும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அறிவியல் பிரிவில் கையெழுத்துப் போட்டாள். சித்தப்பா தன் பேச்சைக் கேட்டுத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லிக்கொள்ளட்டும். ஸ்டேப்ளர் அடித்த புத்தகம் அலமாரியில் இருக்கிறது, யாருக்கும் கொடுக்கவில்லை.

இப்போதும் என்றைக்காவது சாப்பாட்டில் உப்பு கூடிவிடுகிறது. யாரும் வாயைத் திறப்பதில்லை. அப்பா மட்டும் எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போய், அடுப்படியின் பின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வருவார்.