வேண்டாம் பாப்பாவும் கரண்டியம்மாவும்

அந்தப் புத்தகத்தைப் பார்த்தால் ஊருக்கெல்லாம் சிரிப்பு வந்தது. அவளுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

வராமல் என்ன செய்யும்? அட்டையிலேயே அவள்தான் நின்றாள். பானை வயிறு, அவிழ்ந்த கொண்டை, கையில் ஆள் உயரத்துக்கு ஒரு கரண்டி. பெயர் கரண்டியம்மா. அவளுக்குப் பயந்து மேசைக்கடியில் ஒளிந்திருக்கும் வாண்டின் பெயர் வேண்டாம் பாப்பா. முட்டையை நீட்டினால், "அது என்னை முறைக்குது, வேண்டாம்" என்பாள். பட்டாணி உருண்டு ஓடிவிடும், வேண்டாம். ரொட்டிக்கு ஓரம் இருக்கிறது, வேண்டாம். வாழைப்பழத்துக்கு ஓரமே இல்லை, அதுவும் வேண்டாம். எழுதி வரைந்தவன் அவள் புருஷன். வாண்டு அவர்களுடைய ஒரே மகள். அவனுக்குப் பேர் கிடைத்தது, பதிப்பகத்துக்கு விற்பனை கிடைத்தது, அவளுக்குக் கிடைத்தது பானை வயிறு.

"ஏங்க, நான் என்ன இவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"குழந்தைங்க சிரிக்கணும்ல? கொஞ்சம் கூட்டித்தான் போடணும்."

அது போகட்டும். வயிற்றை எப்படி வரைந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பாள். பெற்ற பிள்ளை நிஜமாகவே சாப்பிடவில்லையே, அதுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது.

அவள் வேலை பார்த்தது, துணிகளைப் பிரித்தும் பிடித்தும் அளவு சரிசெய்து கொடுக்கும் தையல் கடையில். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்ததால் சீருடைகள்தான் அதிகம் வரும். "வளந்துக்கிட்டே போறாக்கா, இடுப்புல கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்று தாய்மார்கள் அலுத்துக்கொள்கிற சாக்கில் பெருமையடித்துக்கொள்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பிரித்துவிடுவாள். எல்லாரும் போன பிறகு தன் மகளுடைய பாவாடையைப் பையிலிருந்து எடுத்து, போன தடவை பிடித்த தையலுக்குள் இன்னொரு தையல் பிடிப்பாள். இடுப்புப் பட்டி மடிப்புமேல் மடிப்பாகித் தடித்து, ஊசி உடையத் தொடங்கியிருந்தது.

டாக்டர் எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா ஆஸ்பத்திரியில சேர்த்து, மூக்கு வழியா குழாய் போட்டுத்தான்மா சாப்பாடு குடுக்கணும்" என்றார். அன்றிலிருந்து பெற்றவளுக்கும் சோறு இறங்கவில்லை. அதை யாரும் படம் வரையவில்லை.

வீட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள். காலையில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிற மனுஷன், மகள் போய்த் தட்டினால், "அப்பா வேலையா இருக்கேன்ல, அம்மாகிட்ட போ" என்பான். ஆனால் தட்டு வைக்கிற சத்தம் கேட்டதும் காதில் பென்சிலோடு வெளியே வந்து, மகளுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான். முகத்தை நேரில் பார்த்து வரைந்தால்தான் அவனுக்குத் திருப்தி. அவள் முதல் கவளத்தை ஊட்டப் போவாள். பென்சில் காதிலிருந்து இறங்கும். உடனே அந்தப் பெண் மூக்கைச் சுருக்கி, ஒரு கண்ணை மூடி, உதட்டைக் கோணி ஒரு முகம் காட்டுவாள் பாருங்கள், அவனுக்குச் சொர்க்கமே கிடைத்த மாதிரி இருக்கும்.

"அப்படியே இரு குட்டி! அசையாத! ஏய், அந்தக் கரண்டிய இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டு போ!"

வரைந்து முடித்ததும் மகளை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு படத்தைக் காட்டுவான். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தட்டு ஆறிப்போயிருக்கும்.

"டாக்டர் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. எல்லா வீட்டுலயும் இதே கதைதான். அதனாலதான புத்தகம் விக்குது" என்றான். இவனிடம் என்னத்தைப் பேசுவது என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாவது புத்தகத்தின் வெளியீடு நூலகத்தில் நடந்தது. பதிப்பக மேடம் தடபுடல் பண்ணியிருந்தார். மேடையில் சின்ன மேசை, தட்டில் நிஜமான முட்டை, ரொட்டி, வாழைப்பழம். மகளை மேசை முன்னால் உட்கார வைத்தார்கள். அம்மாவின் கையில் அட்டையில் வெட்டிய ராட்சசக் கரண்டி ஒன்றைத் திணித்து, "சும்மா ஒரு போட்டோவுக்குத்தாம்மா, கோச்சுக்காதீங்க" என்றார் மேடம். முன்வரிசையிலிருந்து ஒருத்தி, "நீங்கதான் கரண்டியம்மாவா? நேர்ல ஒல்லியா இருக்கீங்களே!" என்று ஆச்சரியப்பட்டாள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள்.

அவன் பக்கம் பக்கமாக வாசித்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் மகள் அந்த முகத்தைக் காட்டினாள். கூடியிருந்த குழந்தைகள் எல்லாம், "வேண்டாம்!" என்று கூரை பிளக்கக் கத்தினார்கள். அத்தனை கைதட்டலுக்கு நடுவில் மகளின் கழுத்தெலும்பு அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

வாசிப்பு முடிந்து கையெழுத்துக்கு வரிசை நின்றபோது மகளைக் காணவில்லை. மேசைமேல் தட்டையும் காணவில்லை. மேடைக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கும் அறையில் போய்ப் பார்த்தாள்.

அங்கே தரையில் உட்கார்ந்து அவள் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முட்டை ஒரு கையில், ரொட்டி ஒரு கையில். ஓரத்தைக்கூட விடவில்லை. மெல்லக்கூடப் பொறுமையில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கண்கள் பயத்தில் விரிந்தன.

"அப்பாகிட்ட சொல்லிடாதம்மா!"

"ஏன்டா கண்ணு? சாப்பிட்டா அப்பா திட்டுவாரா?"

"திட்டமாட்டாரு. நான் சாப்பிட்டா பென்சில எடுக்கமாட்டாரு. எந்திரிச்சு உள்ள போயி கதவ சாத்திக்குவாரு."

அவள் அட்டைக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இத்தனை நாளும் உனக்குப் பசிச்சுச்சா?"

"எப்பவும் பசிக்கும்மா."

அய்யோ, அந்த நேரத்தில் அவள் பட்ட பாடு! பிள்ளை சாப்பிடுகிறாளே என்று சந்தோஷப்படுவதா, இப்படிப் பட்டினி கிடந்திருக்கிறாளே என்று தலையில் அடித்துக்கொள்வதா? வாழைப்பழத்தை உரித்து ஊட்டினாள். மகள் ஆவென்று வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

தேடிக்கொண்டு அவன் வந்து நின்றபோது குழந்தை மென்றுகொண்டிருந்தாள்.

"கேட்டுக்கோங்க," என்றாள் அவள். "சாப்பிட்டு முடிச்சா நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்களாம். அதுக்காகப் பட்டினி கிடந்திருக்கா உங்க பொண்ணு. படம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சும்மா பக்கத்துல உக்காருங்க, போதும்."

அவன் கண் கலங்கியது. பொய் சொல்லக்கூடாது, நிஜமாகவே கலங்கியது. புதுச் சட்டை அழுக்காகும் என்றுகூடப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தான். "என் தங்கமே" என்று மகளின் தலையைத் தடவினான். மகள் அவன்மேல் சாய்ந்துகொண்டு, மிச்சமிருந்த முட்டையை ஒரு கடி கடித்தாள். அப்பாவைப் பார்த்தபடியே மென்றாள். இனிமேல் குழாயும் வேண்டாம், தையலுக்குள் தையலும் வேண்டாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாவாடையைப் பிரித்துவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

"ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிடுறா வேண்டாம் பாப்பா..." என்று அவன் முணுமுணுத்தான். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கை காதுக்குப் போனது. தானாகப் போனதோ, தெரிந்தேதான் போனதோ, அவளுக்கு இன்றுவரை தெரியாது.

பென்சிலை மகள் பார்த்துவிட்டாள்.

மெல்லுவது நின்றது. வாயில் இருந்ததை அம்மாவின் உள்ளங்கையில் துப்பினாள். அப்பாவிடமிருந்து விலகி, அவனுக்கு நேர் எதிரே நகர்ந்து உட்கார்ந்து, மூக்கைச் சுருக்கி, ஒரு கண்ணை மூடி, உதட்டைக் கோணினாள்.

"அது என்னை முறைக்குது," என்றாள். "வேண்டாம்."