பரிசச் சீனி

ஆடி கழிந்து முதல் வெள்ளியில் எனக்குப் பரிசம். தட்டில் மாப்பிள்ளை வீட்டார்தான் சீனி வைக்கவேண்டும். வடிவேலு அத்தானிடம் ஏது சீனி? ஜப்பான்காரன் வந்து பிடித்த நாளிலிருந்து ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருக்கிறது. சபையில் அவர் கூனிக்குறுகி நிற்கக்கூடாதே என்று, அம்மாவின் பட்டுப்புடவையைக் கள்ளச்சந்தையில் கொடுத்து அரை டின் வெள்ளைச் சீனி வாங்கி, பஃபலோ ரோட்டில் அவர் அறைக்கு நானே கொண்டுபோனேன்.

டின்னை அவர் கையில் கொடுக்கும்போது ரவூப் ஓடிவந்தான். அத்தானின் கூட்டாளி. விறகுக் குவியலுக்குள் ஒளித்த வானொலியில் சேதி கேட்டுவருபவன். ஜப்பான் போலீஸ் பிடித்தால் தலை போகும். சாயங்காலங்களில் நாங்கள் மூவரும் தரையில் கரித்துண்டால் உலகப்படம் வரைந்து, பெர்லின் விழுந்தது, ரங்கூன் விழுந்தது என்று தொண்டை கிழியச் சண்டை போடுவோம். எங்களைக் கேட்காமல் எந்த நாடும் ஜெயித்துவிடாது என்ற நினைப்பு.

“ஒரே பிளேனு, ஒரே குண்டு. ஜப்பான்ல ஒரு ஊரே இல்லாமப் போச்சாம்!” என்றான் ரவூப்.

அத்தான் டின்னைத் திறந்தார். “இன்னிக்கித்தான்யா நமக்குப் பரிசம்!” ரவூப் வாயில் ஒரு பிடி போட்டு, என் வாயிலும் திணித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு சீனி! நாக்கு வெட்கமில்லாமல் கரைத்து விழுங்கியது. அந்த நாக்கின் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

“அந்த ஊர்ல யாரு இருந்தா?” என்று கேட்டேன்.

ரவூப்பின் குரல் இறங்கியது. “ஊருன்னா எல்லாருந்தான், தங்கச்சி. பொம்பள, புள்ள...”

“இருக்கட்டும்!” அத்தான் கத்தினார். “சயாம்ல ஒங்கண்ணன் மாணிக்கம் செத்தப்ப எவன் அழுதான், பூவம்மா? இன்னும் பத்துக் குண்டு போடணும்.”

ரயில் பாதை போட என்று அண்ணனைச் சயாமுக்குக் கொண்டுபோய்க் கொன்ற ஜப்பான்காரர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் அவர்கள் இந்த ஊரில் குண்டு போட்ட அன்று சாக்கடைக்குள் நானும் படுத்துக் கிடந்தேன். என் பக்கத்தில் செத்துக்கிடந்த பிள்ளைக்கு எந்த நாடு எதற்குச் சண்டை போடுகிறது என்று தெரிந்திருக்குமா?

“இன்னிக்கி அவன் ஊரு. நாளைக்கி எந்த ஊரு? இந்தக் குண்டு எவன் கையிலயும் இருக்கக்கூடாது அத்தான். நீங்க அதுக்குப் போய்ச் சீனி குடுக்கிறீங்க.”

“ஒங்கண்ணன விட அவனுங்க ஒனக்குப் பெருசாப் போயிட்டாங்களா?”

“அந்தச் சீனிய எடுத்துக்கிட்டுப் பரிசத்துக்கு வராதீங்க,” என்று சொல்லிவிட்டு வெளியேறினேன். பின்னாலேயே அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

சிராங்கூன் சாலை முனையில் நிற்கும் ஜப்பான் சிப்பாய்க்குத் தலை குனிந்துவிட்டுத்தான் யாரும் கடக்கவேண்டும். கோபத்தில் மறந்து நடந்துவிட்டேன். அறை விழுந்தது. காது அடைத்துப்போனது. அத்தான் ஓடிவந்து எனக்கும் சேர்த்து இடுப்பை வளைத்தார். குனிந்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: “இப்பச் சொல்லு. இவனுக்காகவா?”

“இவனுக்காக இல்ல.” உதட்டில் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தேன். “இப்பவும் அதையேதான் சொல்றேன்.”

சிப்பாய்க்கு இன்னும் மீசைகூட முளைக்கவில்லை. சேதி அவனுக்கு எட்டியதாகவும் தெரியவில்லை. எங்கள் இருவரையும் போ என்று கையை அசைத்தான். நான் நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, சைக்கிள்களும் மாட்டுவண்டிகளும் ஒதுங்கிப் போக, அத்தான் நடுச்சாலையில் குனிந்த இடத்திலேயே நிமிராமல் நின்றுகொண்டிருந்தார்.